கிளட்சா, எஞ்சினா? பழைய ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் எதை முதலில் திறப்பது

ரிவர்ஸ் கியர் போட்டால் பற்கள் கறகறவென்று அரைபட்டன. முதல் கியர் விழுவதற்குப் பெடலை இரண்டு மூன்று முறை மிதிக்க வேண்டியிருந்தது. எஞ்சின் சூடானதும் மேட்டில் மூச்சுத் திணறியது. சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நின்றால் எஞ்சினின் சத்தம் ஒரு படி கீழே இறங்கியது. என்னுடைய 1977 ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500 சென்ற ஆண்டு வசந்தத்தில் இந்த நிலையில் இருந்தது. இரண்டு பட்டறைகளில் காட்டினேன். ஒருவர் கிளட்ச் முழு செட்டையும் மாற்றச் சொன்னார். மற்றவர் எஞ்சினையே இறக்கிவிடலாம் என்றார். இருவரும் தொழில் தெரிந்தவர்கள். ஆனால் இருவருமே எதையும் அளந்து பார்க்கவில்லை.

ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கும் பலர் இதே இடத்தில் நின்று குழம்புகிறார்கள். அவர்கள் முன் இருக்கும் வழிகள் ஐந்து. ஹைட்ராலிக் பாகங்களையும் ட்யூனிங்கையும் மட்டும் சரிசெய்துவிட்டு ஓட்டலாம். கியர்பாக்ஸைக் கழற்றி கிளட்சை மாற்றலாம். எஞ்சினை வண்டியிலேயே விட்டுவிட்டு, அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றி, த்ரஸ்ட் வாஷர் என்னும் சின்னத் தகடுகளையும் பேரிங்குகளையும் மாற்றலாம். எஞ்சினை இறக்கி முழு ஓவர்ஹால் செய்யலாம். அல்லது வேறு பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம். செலவில் இவற்றுக்கிடையே மடுவுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. மூன்றாவது வழியைத்தான் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. எந்த வழியில் போவதானாலும் முதலில் ஓர் அளவு எடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வண்டியின் உடம்பு எப்படிப்பட்டது

ஸ்பிட்ஃபயர் 1962 இல் வெளிவந்தது. இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உருவம். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் கேன்லி தொழிற்சாலையில் 1980 ஆகஸ்ட் வரை செய்தார்கள். மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல். 1147 சி.சி. எஞ்சினில் தொடங்கி, 1967 இல் 1296 சி.சி., 1974 இன் இறுதியில் 1493 சி.சி. என்று வளர்ந்தது. பார்ப்பதற்குப் பந்தயக் கார் மாதிரி இருந்தாலும் அடித்தளமும் எஞ்சின் பரம்பரையும் ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்ற சாதாரணக் குடும்பக் காருடையவை. அந்த ஹெரால்டைத்தான் சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் அறுபதுகளில் செய்து விற்றது. வயதான தமிழ் மெக்கானிக் ஒருவரிடம் ஸ்பிட்ஃபயரின் பானட்டைத் திறந்து காட்டினால், முழு முன்பக்கமும் முதலை வாயைப் போல முன்னோக்கிக் கவிழ்வதைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொள்வார். ஹெரால்டின் பானட்டும் அப்படித்தான் திறக்கும்.

இந்த அமைப்பு வேலை செய்பவருக்குப் பெரிய வரம். பானட்டைக் கவிழ்த்துவிட்டு முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் கை வைக்கலாம். இதைவிட முக்கியமான வசதி கியர்பாக்ஸ். அது அடியிலிருந்து இறங்குவதில்லை. இருக்கைகளைக் கழற்றி, நடுவில் இருக்கும் மூடியை எடுத்துவிட்டால் கியர்பாக்ஸை வண்டியின் உள்ளே, பயணிகள் உட்காரும் இடத்தின் வழியாகவே தூக்கி எடுத்துவிடலாம். அதே காலத்தில் விற்ற எம்ஜிபி என்ற இன்னொரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்சைத் தொட வேண்டுமென்றால் எஞ்சினையே வெளியே எடுத்தாக வேண்டும். ஆகவே எம்ஜிபிகாரர்கள் சொல்லும் ஆலோசனையை ஸ்பிட்ஃபயருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. “கிளட்ச் மாற்றுகிற வேளையில் எஞ்சினையும் பார்த்துவிடுங்கள்” என்பது அவர்களுக்கு நியாயமான பேச்சு. நமக்கு இரண்டும் தனித்தனி வேலைகள்.

தனித்தனி வேலைகள் என்றாலும் நோய் தனித்தனி அல்ல. கிளட்ச் பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை முன்னோக்கித் தள்ளுகிறது. பிரஷர் பிளேட், ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரத்தில் முடுக்கப்பட்டிருக்கிறது. ஃப்ளைவீல், எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டில் முடுக்கப்பட்டிருக்கிறது. ஆக, உங்கள் கால் கொடுக்கும் அழுத்தம் முழுவதும் கடைசியில் கிராங்க் ஷாஃப்டை வண்டியின் மூக்கை நோக்கித் தள்ளுகிறது. கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகளில் பின்பக்கத்ததன் இருபுறமும் பிறை வடிவத் தகடுகள் இரண்டு இருக்கின்றன; அந்தத் தள்ளலைத் தாங்குவது அவற்றில் பின்பக்கத் தகடு. அவைதான் த்ரஸ்ட் வாஷர்கள். முழு வட்டம்கூட இல்லை, அரை வட்டம். பேரிங் மூடிதான் அவை சுழன்று விழாமல் பிடித்திருக்கிறது. பின்பக்கத் தகடு தேயத் தேய கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடும். தகடு மிகவும் மெலிந்துவிட்டால் இடத்தைவிட்டு நழுவி ஆயில் சம்புக்குள் விழுந்துவிடும். அதற்குப் பிறகு கிராங்க் ஷாஃப்டின் உருக்கு நேராக எஞ்சின் பிளாக்கின் வார்ப்பிரும்பில் உரசும். அந்த நிலையில் கொஞ்ச தூரம் ஓட்டினாலும் பிளாக் பாழ்.

தகடு இரண்டின் விலையும் சேர்ந்து ஒரு முறை பெட்ரோல் நிரப்பும் செலவுகூட ஆகாது. பிளாக் போனால் எஞ்சினே போயிற்று.

அரை மணி நேரச் சோதனை

ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் செய்ய வேண்டியது கிராங்க் ஷாஃப்டின் முன்பின் ஆட்டத்தை அளப்பது. எஞ்சினின் முன்னால் இருக்கும் புல்லியின் முகத்தில், நுண்ணிய அசைவையும் அளந்து காட்டும் டயல் கேஜின் முனை படும்படி வைத்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முள் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். பெடலை விட்டபின் புல்லியை நெம்பிப் பின்னுக்குத் தள்ளி, மறுபடி மிதிக்கச் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடக் கூடாது. கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கேஜின் காந்தப் பிடியை வண்டியின் சட்டத்தில் வைத்தால் தவறான அளவு கிடைக்கும். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பெடலை மிதிக்கும்போது மொத்த எஞ்சினும் சிறிது அசையக்கூடும். என் மகள் உள்ளே உட்கார்ந்து, “அப்பா, மிதிக்கட்டுமா?” என்று கேட்டு மிதித்ததும் முள் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் ஓடியது. நெஞ்சு படபடத்தது. பிறகுதான் பிடியை எஞ்சின் பிளாக்கின் மேலேயே மாற்றி வைத்தேன். இப்போது முள் 0.46 மி.மீ. காட்டியது. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதே அளவு.

1500 எஞ்சினுக்கு ட்ரையம்ஃபின் பழுதுபார்க்கும் கையேடு சொல்லும் அளவு 0.006 முதல் 0.014 அங்குலம்; ஏறக்குறைய 0.15 முதல் 0.35 மி.மீ. வரை. என் வண்டி அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. சிக்னலில் கிளட்சை மிதித்தால் எஞ்சின் சத்தம் இறங்கியதற்கும் இதுவே முதல் சந்தேகத்துக்குரிய காரணம்: தேய்ந்த தகட்டின் மேல் கிராங்க் ஷாஃப்ட் உரசிச் சுழல்வது ஒரு மெல்லிய பிரேக் போல வேலை செய்யும்.

டயல் கேஜ் இல்லாதவர்கள் கண்ணாலேயே புல்லியைப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி புல்லி முன்னும் பின்னும் நகர்ந்தால் வண்டியை அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

அடுத்த சோதனை காதுக்கு. எஞ்சின் நியூட்ரலில் ஓடும்போது கிளட்சை மிதித்ததும் ஒரு சத்தம் மறைகிறதா? அது கியர்பாக்ஸின் முன் பேரிங். மிதித்ததும் புதிதாக ஒரு சீறல் எழுகிறதா? அது ரிலீஸ் பேரிங். அடியிலிருந்து டொக் டொக் என்று கனத்த தட்டல் கேட்கிறதென்றால் ஒவ்வொரு பிளக் வயராக எடுத்துப் பார்க்க வேண்டும். எந்தச் சிலிண்டரின் வயரை எடுத்ததும் தட்டல் அடங்குகிறதோ அதன் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டனின் தண்டு கிராங்க் ஷாஃப்டைப் பற்றும் இடத்துப் பேரிங்) தேய்ந்திருக்கிறது. மேலிருந்து வரும் மெல்லிய டிக் டிக் பெரும்பாலும் டேப்பட் அல்லது ராக்கர் ஷாஃப்ட். எஞ்சின் ஆறியபின் வால்வு இடைவெளி 0.010 அங்குலத்துக்கு வைத்துவிட்டால் பாதித் தட்டல்கள் போய்விடும்.

மூன்றாவது, கிளட்ச் விடுபடவில்லையா, வழுக்குகிறதா என்று பிரித்துப் பார்ப்பது. நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்து, எஞ்சின் வேகம் ஏறி வண்டி ஏறாமல் இருந்தால் வழுக்குகிறது. பெடலை மிதித்து ஐந்து விநாடி பொறுத்த பின்னும் ரிவர்ஸ் கியர் அரைபட்டால் விடுபடவில்லை. இவ்விரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர்த் திசையில் இருக்கிறது. வழுக்குகிறது என்றால் பெரும்பாலும் தேய்ந்த பிளேட், அல்லது பின் ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் ஆயில் பட்டிருப்பது. விடுபடவில்லை என்றால் பத்தில் ஏழெட்டு முறை குற்றவாளி கிளட்சுக்கு வெளியே இருக்கிறது. என் அனுபவத்தில் அப்படித்தான்.

முதல் வழி: வெளியே இருப்பதை மட்டும் சரிசெய்வது

இதை யாரும் மதிப்பதில்லை. விலை குறைவு என்பதாலோ என்னவோ. ஆனால் பெடலிலிருந்து பிரஷர் பிளேட் வரை எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்: பெடலின் துளை, அதில் செருகியிருக்கும் ‘பின்’ என்னும் உலோக முளை, மாஸ்டர் சிலிண்டரின் தண்டு, ரப்பர் சீல்கள், குழாய், வளையும் ஹோஸ், ஸ்லேவ் சிலிண்டர், அதன் தண்டு, ரிலீஸ் லீவர், லீவரின் ஊசி. ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக ஆட்டம் சேர்ந்தால் பெடல் தரையைத் தொட்ட பிறகும் பிரஷர் பிளேட் போதுமான அளவு நகர்ந்திருக்காது.

என் வண்டியில் பெடலையும் மாஸ்டர் சிலிண்டர் தண்டையும் இணைக்கும் அந்தச் சின்னப் பின்னைக் கழற்றினேன். உருண்டையாக இருக்க வேண்டிய பின்னின் நடுவில் இடுப்பு போல ஒரு பள்ளம். பெடலின் துளை முட்டை வடிவத்தில் நீண்டிருந்தது. விரலால் தடவினாலே தெரிந்தது. புதுப் பின் போட்டு, பெடல் துளையைப் பற்றவைத்து அடைத்துச் சரியான அளவில் மறுபடி துளையிட்டேன். பழைய பிரேக் ஆயிலை முழுதும் வெளியேற்றினேன். தேநீர் நிறத்தில் வந்தது. டாட் 4 வகைப் பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் இருந்த காற்றை எடுத்தேன். அன்று மாலை ரிவர்ஸ் கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

பட்டறையில் புதுக் கிளட்ச் போட்டிருந்தால் கியர் அரைபடுவது நின்றிருக்காது என்பதைச் சொல்ல வேண்டும். அந்தப் பின் அப்படியே இருந்திருக்கும். அதைவிடக் கவலைப்பட வேண்டியது: பலர் புதுக் கிளட்ச் வாங்கும்போது ‘கொஞ்சம் வலுவானது’ என்று ஸ்பிரிங் கடினமான பிரஷர் பிளேட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஸ்பிரிங் கடினமானால் பெடலின் அழுத்தம் கூடும், அந்த அழுத்தம் முழுவதும் தேய்ந்துபோன தகட்டின் மேல் விழும்.

ஹைட்ராலிக்கைச் சோதிக்க எளிய முறை உண்டு. ஒருவர் பெடலை மிதித்தபடி ஒரு நிமிடம் வைத்திருக்கட்டும். ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு மெல்லப் பின்வாங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் சீல் உள்ளுக்குள் கசிகிறது. வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

குளிர்காலம் முழுக்க ஓட்டாமல் வைத்திருந்த வண்டி என்றால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கிளட்ச் பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். பெடல் சரியாக இருக்கும், ஸ்லேவ் சரியாக நகரும், கிளட்ச் மட்டும் விடுபடாது. பெடலைக் கட்டையால் மிதித்த நிலையில் முட்டுக்கொடுத்து ஒருநாள் வைத்தால் சில சமயம் தானே விடுபடும். இதற்காகக் கியர்பாக்ஸைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும்.

ட்யூனிங் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சூடானதும் திணறும் வண்டியில் கார்புரேட்டரைத் தொடும் முன் மின்பக்கத்தைப் பாருங்கள்: பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், கண்டென்சர், ரோட்டர், காயில். என் வண்டியில் கண்டென்சர்தான். புதிதாக விற்கும் கண்டென்சர்கள் சில மாதங்களிலேயே போய்விடுகின்றன. ஆகவே நல்லது ஒன்று கிடைத்தால் இரண்டாக வாங்கி வைக்கிறேன். மின்பக்கம் சரியென்றால் அடுத்தது பெட்ரோல் ஹோஸ்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதைத் தாங்காது, உள்ளே உரிந்து கார்புரேட்டரை அடைக்கும்.

இரண்டாம் வழி: உள்ளிருந்து கியர்பாக்ஸ்

கிளட்ச் உண்மையாகவே வழுக்குகிறதென்றால், அல்லது ரிலீஸ் பேரிங் சீறுகிறதென்றால் இந்த வழிதான். இரண்டு பேர், இரண்டு நாள். ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு) உள்ள கியர்பாக்ஸ் கூடுதல் கனம். தனியாக ஒருவர் முயலக் கூடாது. கழற்றிய பிறகு கிளட்ச் செட்டை மட்டும் மாற்றி மூடிவிடுவது பெரிய தவறு. ஃப்ளைவீலைக் கழற்றி கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீலையும், நடுவில் இருக்கும் வெண்கலப் புஷ்ஷையும், ரிலீஸ் லீவரின் புஷ்களையும் ஊசியையும் அதே மூச்சில் மாற்றிவிட வேண்டும். விலை சொற்பம். மறுபடி இருக்கைகளைக் கழற்றும் உழைப்புதான் பெரிது.

பழைய ரிலீஸ் பேரிங் அசல் காலத்தது என்றால், சுழற்றிப் பார்த்துச் சத்தமில்லாமல் இருந்தால், தூக்கி எறியாதீர்கள். இன்று செட்டோடு வரும் பேரிங்குகள் சில, பழையது ஓடிய தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஓடுவதில்லை.

இந்த வழியின் குறை, இதில் எஞ்சினின் உள்ளே எதுவும் தெரிவதில்லை என்பது. அதனால்தான் ஆட்டத்தை முன்பே அளக்கச் சொல்கிறேன். அளக்காமல் கிளட்ச் மாற்றி, ஆறு மாதத்தில் தகடு விழுந்து எஞ்சினை இறக்க நேர்ந்தால், கிளட்ச் வேலையின் கூலியை இரண்டு முறை கொடுத்தவர் ஆவீர்கள். எஞ்சினை இறக்கினால் கிளட்ச் தானாகவே கண்முன் வந்துவிடும் அல்லவா?

மூன்றாம் வழி: அடியிலிருந்து

நான் தேர்ந்தெடுத்தது இதை. வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது), ஆயிலை வடித்து, சம்பைக் கழற்ற வேண்டும். சம்பின் முன் திருகுகள் அலுமினியத் துண்டு ஒன்றில் முடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த மரை எளிதில் அழிந்துவிடும். மாட்டும்போது விரலால் முடுக்கி, கடைசியில் ஸ்பேனரை ஒரு மணிக்கட்டுத் திருப்புதான் கொடுக்க வேண்டும்.

சம்ப் இறங்கியதும் மல்லாந்து படுத்த நிலையில் கிராங்க் ஷாஃப்ட் முழுவதும் முகத்துக்கு மேலே தெரிந்தது. பின் மெயின் பேரிங்கின் மூடியைக் கழற்றி, மெல்லிய தகடு ஒன்றால் பழைய த்ரஸ்ட் வாஷரை ஓர் ஓரத்தில் தள்ள, அது கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. பிடித்து இழுத்தேன். பின்பக்கத் தகடு. ஒரு முகத்தில் இருக்க வேண்டிய ஆயில் பள்ளங்கள் இரண்டும் அநேகமாகத் தேய்ந்து, கண்ணாடி போல வழவழப்பாகியிருந்தது. ஓர் ஓரம் மற்ற ஓரத்தைவிட மெலிந்திருந்தது. முன்பக்கத் தகட்டில் பள்ளங்கள் புதிதுபோலவே இருந்தன. நாற்பத்தைந்து ஆண்டுகளாகச் சிக்னல்களில் மிதித்தபடி நின்ற கால்களின் கணக்கு முழுவதும் அந்த ஒரு தகட்டில் எழுதியிருந்தது.

விரலை உள்ளே விட்டுப் பிளாக்கின் முகத்தைத் தடவினேன். கீறல் இல்லை. கிராங்க் ஷாஃப்டின் முகத்திலும் நகம் மாட்டவில்லை. அந்த நிமிடம் கிடைத்த நிம்மதியை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

புதுத் தகட்டை மாட்டும்போது பள்ளங்கள் உள்ள முகம் கிராங்க் ஷாஃப்டைப் பார்க்க வேண்டும், பிளாக்கைப் பார்க்கக் கூடாது. திருப்பி மாட்டிவிட்டால் சில நூறு மைல்களில் பழைய கதைதான். கிராங்க் ஷாஃப்டின் முகம் தேய்ந்திருந்தால் 0.005 அங்குலம் கூடுதல் தடிமனுள்ள தகடுகளும் கிடைக்கின்றன. முன்னே ஒரு சாதாரணம், பின்னே ஒரு தடிமன் என்று கலந்து மாட்டியும் அளவைச் சரிக்கட்டலாம். எனக்குச் சாதாரணமே போதுமாக இருந்தது. மாட்டியபின் அளவு 0.20 மி.மீ.

சம்ப் திறந்திருக்கும்போது பிக் எண்ட் பேரிங்குகளைப் பார்க்காமல் மூடுவது பாவம். 1500 எஞ்சினின் பலவீனம் அதில்தான் இருக்கிறது. பழைய 1296 சி.சி. எஞ்சினின் ஸ்ட்ரோக்கை 87.5 மி.மீ. ஆக நீட்டித்தான் 1493 சி.சி. ஆக்கினார்கள், மெயின் பேரிங்குகளோ மூன்றேதான். நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் உயர்ந்த வேகத்தில் ஓட்டினால் முதலில் சாவது மூன்றாம் சிலிண்டரின் பிக் எண்ட். என்னுடையதில் மூன்றாவது பேரிங்கின் ஓட்டில் (தேய்வதற்கென்றே உள்ள வளைந்த உலோகத் தகட்டில்) சாம்பல் பூச்சு தேய்ந்து, உள்ளே செம்பு நிறம் தெரியத் தொடங்கியிருந்தது. நான்கு ஜோடியையும் மாற்றினேன். பேரிங்குகள் பற்றியிருக்கும் கிராங்க் ஷாஃப்டின் கழுத்துகளை மைக்ரோமீட்டரால் அளந்து, நீள்வட்டமாகவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே மாற்ற வேண்டும். தேய்ந்த கழுத்தில் புது ஓட்டைப் போட்டால் அது பழையதைவிட வேகமாக அழியும்.

நான்காம், ஐந்தாம் வழிகள்

முழு ஓவர்ஹாலை எப்போது தேர்ந்தெடுப்பது? நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரெஷன் (உள்ளே அழுத்தம் ஏறும்) அளவுகளில் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்து, ஒரு கரண்டி ஆயில் விட்டு அளந்ததும் குறைவாக இருந்த சிலிண்டர் ஏறினால் பிஸ்டன் ரிங்குகளும் ‘போர்’ என்னும் சிலிண்டரின் உட்சுவரும் போய்விட்டன. ஏறாவிட்டால் வால்வு, அதற்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். (பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் பொதுவிற்பனை 1999 இறுதியோடு நின்றுபோனது. கடின வால்வு சீட் போடாத ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகள் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். டேப்பட் இடைவெளி அடிக்கடி குறைவதே அதற்கு அறிகுறி.) ஆயில் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். தொழிற்சாலை இந்த வண்டிக்கு ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே கொடுத்தது. அழுத்தம் அநேகமாக இல்லாமலே போன பிறகுதான் அது எரியும். அந்த சுவிட்சைக் கழற்றிவிட்டுத் தற்காலிகமாக ஒரு கேஜை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடானபின் 2000 ஆர்.பி.எம்.மில் பாருங்கள். 40 முதல் 60 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். அதற்கு வெகுவாகக் கீழே இருந்து, கம்ப்ரெஷனும் மோசமென்றால், அடியிலிருந்து ஒட்டுப்போடுவதில் அர்த்தமில்லை, இறக்கிவிடுங்கள். கிராங்க் ஷாஃப்டை லேத்தில் கொடுத்து, போர் எடுத்து, எல்லாவற்றையும் புதிதாக்குவது மாதக்கணக்கில் போகும். பட்டறைக் கூலி வண்டியின் விலையில் பெரும்பங்கைத் தொட்டுவிடும்.

பழைய எஞ்சின் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கிடைப்பது கடினமில்லை: 1974 இன் இறுதிக்குப் பிந்தைய எம்ஜி மிட்ஜெட்டிலும், ட்ரையம்ஃப் டாலமைட் 1500 இலும் இதே 1493 சி.சி. எஞ்சின்தான். ஆனால் வாங்கும் எஞ்சினுக்கும் அதே த்ரஸ்ட் வாஷர், அதே மூன்றாம் பிக் எண்ட். தெரிந்த நோயைக் கொடுத்துத் தெரியாத நோயை வாங்குவானேன்? உங்கள் பிளாக்கிலேயே விரிசல் விட்டிருந்தாலோ, தகடு விழுந்து முகம் அறுபட்டிருந்தாலோ மட்டும் இது வழி. அப்போதும் சம்பைக் கழற்றிப் பார்க்க அனுமதிக்கும் விற்பனையாளரிடம் மட்டுமே வாங்க வேண்டும்.

எதை, எந்த வரிசையில்

அளவு 0.35 மி.மீ.க்குள் இருந்து, கியர் மட்டும் அரைபட்டால்: முதல் வழியோடு நிறுத்திக்கொள்ளலாம். அளவு சரி, கிளட்ச் வழுக்குகிறது: இரண்டாம் வழி. அளவு தாண்டிவிட்டது, கிளட்சும் வழுக்குகிறது: முதலில் அடியில் சம்பைத் திறந்து பாருங்கள், பிறகே இருக்கைகளைக் கழற்றுங்கள். பிளாக்கின் முகம் நன்றாக இருந்தால் இரண்டு வேலைகளையும் அடுத்தடுத்து முடித்துவிடலாம். முகம் போயிருந்தால் எஞ்சின் எப்படியும் வெளியே வரப்போகிறது. கிளட்சுக்காகத் தனியாகப் பாடுபட வேண்டாம். ஆண்டுக்கு ஆயிரம் மைல்கூட ஓட்டாதவர்கள் முழு ஓவர்ஹாலுக்கு அவசரப்பட வேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் தொலைதூரம் போகிறவர்கள், தட்டல் கேட்கும் வரை காத்திராமல் பிக் எண்ட் ஓடுகளைப் பார்த்துவிடுவது நல்லது.

நாற்பது வயதைத் தாண்டிய வண்டிக்கு பிரிட்டனில் சாலை வரியும் இல்லை, ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. கடைசி ஸ்பிட்ஃபயரும் அந்த வயதைக் கடந்துவிட்டது. சொந்தக்காரர் பார்த்தால்தான் உண்டு.

என் வண்டியின் ரிலீஸ் பேரிங் இன்னும் லேசாகச் சீறுகிறது. அதை நவம்பரில், வண்டியைக் கொட்டகையில் விட்டபின் பார்த்துக்கொள்வேன். பின் ஆயில் சீலும் வெண்கலப் புஷ்ஷும் வாங்கி வைத்தாயிற்று. சிக்னலில் நிற்கும்போது இப்போது நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுப் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் மகள் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்கிறாள். பானட்டின் உட்பக்கம் ஒட்டிய அட்டையில் தேதியோடு அளவை எழுதுகிறேன். முதல் வரி 0.46. அடுத்தது 0.20. போன வாரம் எழுதியது 0.21.